ஆயில் பேனைத் திறந்தால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றை உதிரிபாக வியாபாரியிடம் வாங்கினேன். 'பெஞ்சில் வைத்து டெஸ்ட் செய்தது' என்று பில்லிலேயே எழுதியிருக்கிறார். காரில் ஏற்றும் முன் என் மெக்கானிக் ஆயில் பேனை (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டு) கழற்றிப் பார்த்தார். அதில் உலோகத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். பூட்டிய நான்காம் நாளே மூன்றாவது கியர் வழுக்குகிறது. 'பேனைத் திறந்துவிட்டீர்கள், இனி நான் பொறுப்பில்லை' என்கிறார் வியாபாரி. என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலை, மெக்கானிக்கின் கையைக் கட்டிப்போடுங்கள். எங்கே வழுக்குகிறது என்று பார்க்க அவருக்குக் கை அரிக்கும். ஆனால் உங்கள் முக்கியச் சாட்சியே அந்தக் கியர்பாக்ஸ்தான். பிரித்துப் போட்டால் சாட்சி கலைந்துவிடும். இறக்கினால் ஆயிலையும் பாட்டிலில் பிடித்துவையுங்கள்.

இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16(2) உங்கள் பக்கம். அந்தவகைப் பொருளை விற்பதே தொழிலாக உள்ளவர் விற்றால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்கவேண்டும். பழைய சரக்கிடம் புதுசின் தரத்தைக் கேட்க முடியாது, சரி. நான்கு நாளில் வழுக்குவதைத் தரம் என்றும் சொல்ல முடியாது. பழுது தனக்கே தெரியாது என்று அவர் சொன்னாலும் இந்தப் பொறுப்பு விலகாது.

வியாபாரி பிடித்துத் தொங்குவது அதே பிரிவின் விதிவிலக்கை. வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னால் காட்ட முடியாது. அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டியது மட்டும்தான், கவனியுங்கள். உலோகச் சில்லுகள் கிடந்திருந்தால் நீங்கள் மாட்டியிருப்பீர்கள். மெல்லிய சாம்பல் பசை சாதாரணத் தேய்மானம். உள்ளே கிளட்சை அழுத்தும் பிஸ்டனின் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கிழிந்திருந்தால் பேனைத் திறந்த கண்ணுக்கு அது தெரியாது. 'திறந்தால் பொறுப்பில்லை' என்று பில்லில் நிபந்தனை அச்சிட்டிருந்தால் கதை வேறு. பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

அடுத்து, வியாபாரிக்கு அனுப்பும் நோட்டீஸில் ஒரே கேள்வி: என்ன டெஸ்ட் செய்தீர்கள்? இன்ஜின் பக்கத் தண்டான இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு 'டெஸ்ட்' என்பவர்களும் உண்டு. ஒழுங்காகச் செய்பவர், ஆயிலை ஒவ்வொரு கிளட்சுக்கும் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியை இறக்கி, ஒவ்வொரு கிளட்ச் துளையிலும் காற்றழுத்தம் கொடுப்பார். 'டொப்' என்று பிடிக்கும் சத்தம் வந்தால் நல்லது. 'உஸ்' என்று காற்று கசிந்துகொண்டே இருந்தால் சீல் போச்சு. ஆயில் பாதையைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சொலினாய்டுகளை மீட்டரில் அளப்பார். இதையெல்லாம் செய்தாலும், பாரம் ஏறும்போது மட்டும் வழுக்குவது பெஞ்சில் தப்பிவிடலாம். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதிலே வராவிட்டால் அதுவும் நமக்கு நல்லதுதான்.

உங்கள் பலவீனம் பூட்டிய விதத்தில் இருக்கிறது. ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் குழாய்களை மெக்கானிக் கழுவினாரா, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் முழுசாக உட்கார்ந்ததா, சரியான ஆயில் சரியான அளவா? எதிர்த்தரப்பு வக்கீல் இங்கேதான் அடிப்பார். மெக்கானிக்கிடம் இப்போதே கையெழுத்துடன் எழுதி வாங்கிவிடுங்கள்.

பூட்டியதையே 'ஏற்றுக்கொண்டதாக' வியாபாரி வாதிட்டால், 1930 சட்டப்படி பொருளைத் திருப்பும் உரிமை போய் நஷ்டஈடு மட்டும் மிஞ்சலாம். அதனால் நான் நுகர்வோர் ஆணையத்துக்கே போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாற்றுப் பொருளோ பணமோ தரச்சொல்லி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு; பரிசோதனைக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. கெடு 2 ஆண்டு. கார் வாடகைக்கு ஓடுவது என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். பிழைப்புக்காக நீங்களே ஓட்டுவது என்றால் பரவாயில்லை, நாலைந்து வண்டி வைத்திருந்தால் 'நுகர்வோர்' இல்லை என்று ஆரம்பிப்பார்கள்.