அட்டகாமா சுரங்க அறிக்கைகள்: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: நான் கட்டுமானப் பொறியாளர். சிலி நாட்டில் கலாமா நகருக்குப் பக்கத்தில் ஒரு செப்புச் சுரங்கத்தில், கழிவுச் சேற்றைத் தேக்கும் அணையைக் கவனிக்கும் குழுவில் அடுத்த மாதம் சேர்கிறேன். நிலவியல், நிலநடுக்கம், சுற்றுச்சூழல் என்று மூன்று அறிக்கைகள் அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிறது. மழையே இல்லாத அட்டகாமா பாலைவனம்தானே, நிலநடுக்க அறிக்கையை மட்டும் ஊன்றிப் படித்தால் போதுமா?

பதில்: போதாது. மூன்றையும் படியுங்கள். ஆனால் ஒன்றை முடித்து மூடிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டாம். மூன்றையும் மேசையில் விரித்து வையுங்கள். ஒன்றில் வரும் எண் மற்றதில் எங்கே பயன்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வெளியே பாலைவனம்தான், ஆனால் அணைக்குள் தேங்குவது சேறு. தாதுவை மாவாக அரைத்து, செம்பைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூள் தண்ணீரோடு கலந்து குழாயில் வந்து சேர்கிறது. நீர் ஊறிய தளர்ந்த மணலை நிலநடுக்கம் குலுக்கினால் துகள்களுக்கு இடையிலான பிடிப்பு போய்விடும். மேலே உள்ள பாரத்தைத் தண்ணீர் சுமக்கத் தொடங்கும், மணல் கூழாகி ஓடும். 1965 மார்ச் 28 அன்று சிலியின் நடுப்பகுதியில் எல் கோப்ரே சுரங்கத்தில் நடந்தது இதுதான். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்புறம் 1970இல், பழைய படிவின் மேலேயே அடுத்தடுத்த கரையை எழுப்பிக்கொண்டு போகும் முறையைச் சிலி தடைசெய்தது. ஆகவே உங்கள் முதல் கேள்வி, அணைக்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பது. அதை அளக்கும் பீசோமீட்டர்கள் எத்தனை, கடைசியாக எப்போது அளவெடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

நிலநடுக்க அறிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. பசிபிக் கடலடியில் இருக்கும் நாஸ்கா என்ற பாறைத் தட்டு ஆண்டுக்கு 6 முதல் 7 செ.மீ. வரை நகர்ந்து தென் அமெரிக்காவின் அடியில் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் பெரிய நிலநடுக்கம் என்றதும் எல்லோரும் கடற்கரையைத்தான் நினைப்பார்கள்: 1995இல் அன்டோஃபகாஸ்டாவில் 8.0, 2014இல் இக்கிக்கேயில் 8.2. கலாமா கடலிலிருந்து 100 கி.மீ.க்கும் மேல் உள்ளே இருக்கிறதே, தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் அந்தத் தட்டு சாய்ந்து இறங்கி, கலாமாவுக்குக் கீழே ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தில் கிடக்கிறது. அது உள்ளேயே முறிந்தும் நிலநடுக்கம் வரும். 1950 டிசம்பரில் கலாமாவை உலுக்கிய பெரிய நிலநடுக்கமும், 2024 ஜூலையில் சான் பெத்ரோ தே அட்டகாமா அருகே வந்த 7.4 அளவு நிலநடுக்கமும் இந்த வகை. இவற்றின் அதிர்வு கடற்கரை நிலநடுக்கத்தின் அதிர்வைப் போல இருக்காது. வேகமான, குட்டையான குலுக்கல்கள் இதில் அதிகம். எனவே அணையில் வரும் அதிர்வை இரண்டுக்கும் தனித்தனிச் சமன்பாடு வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மேலோட்டிலேயே இருக்கும் பிளவுகளையும் மூன்றாவதாகச் சேர்த்திருக்க வேண்டும். இங்கேதான் நிலவியல் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் அணைக்கு அருகே கோடு போட்டுக் காட்டிய பிளவு நிலநடுக்க அறிக்கையில் இல்லையென்றால், ஏன் விட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

அணை உடைந்தால் விளைவு மிகக் கொடியது என்ற வகையில் உங்கள் அணை வந்தால், சுரங்கக் கழிவு அணைகளுக்காக 2020இல் வெளியான உலகளாவிய தரநிலை பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய நிலநடுக்கத்தைத் தாங்கச் சொல்கிறது. அந்த எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, மழைக்கு வருவோம். "மழையே இல்லை" என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 2015 மார்ச்சில் அட்டகாமாவில் பெய்த மழையில் கோப்பியாப்போ நகருக்குள் சேறு புகுந்தது, 25 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்ணைப் பிடிக்கச் செடிகொடி இல்லாத நிலத்தில் கொஞ்ச மழையே பெருவெள்ளம். இன்னொரு சங்கதி: கந்தகம் கலந்த கழிவிலிருந்து ஈரம் ஆவியாகும்போது உப்புகள் மேற்பரப்பில் பூத்துச் சேரும். வருடக்கணக்கில் சேர்ந்தது ஒரே மழையில் மொத்தமாகக் கரைந்து ஓடும். சராசரி மழையளவை மட்டும் வைத்து எழுதிய சுற்றுச்சூழல் அறிக்கை இதைத் தவறவிடும்.

ஆர்சனிக் பற்றிய பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். 1958இல் ஆண்டிஸ் மலையின் ஆற்றுநீரை அன்டோஃபகாஸ்டாவுக்குக் குடிக்கக் கொண்டுவந்தார்கள். எரிமலைப் பாறைகளிலிருந்து இயற்கையாகவே கரைந்த ஆர்சனிக் அதில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் இருந்தது. இன்றைய உலக சுகாதார நிறுவன வரம்பு 10. சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1970இல்தான். நுரையீரல் புற்றும் சிறுநீர்ப்பைப் புற்றும் பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த மக்களைத் துரத்தின. உங்கள் பகுதியிலும் சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே நீரில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், பிறகு கூடியது யாரால் என்று யாராலும் சொல்ல முடியாது. கிணற்றை நம்பி வாழும் கிராமத்துக்கு அந்தக் கணக்குதான் சாட்சி. மலைப்பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை பெய்யும் என்பதால், அந்த மாதங்களின் மாதிரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சேர்ந்த முதல் வாரமே, துளையிட்டு எடுத்த மண், பாறை மாதிரிப் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அறிக்கையில் "அடர்ந்த சரளை" என்று போட்டிருக்கும் ஆழத்தில் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கையில் எடுத்துப் பாருங்கள். அந்தப் பெட்டியைப் பார்க்கும் வரை எந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.