எருமைக்கன்னு வாய் மூட மாட்டேங்குதா? கைப்பொம்மை தைக்கிற டீச்சருக்கு ஒரு பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு யூகேஜி டீச்சர் கேட்டிருக்காங்க. வகுப்புல புள்ளைங்களுக்கு ரொம்ப புடிச்ச கதைப் புத்தகத்துல ஒரு நீல எருமைக்கன்னு வருதாம், ஒரு கொம்பு மட்டும் கீழ வளைஞ்சு தொங்கும், கழுத்துல மணி, யாரு என்ன கேட்டாலும் அசை போட்டுக்கிட்டேதான் பதில் சொல்லும். அத கைப்பொம்மையா பண்ணி ஆண்டு விழால கதை சொல்லணும்னு ஆசை. சாக்ஸும் அட்டையும் வச்சு ஒண்ணு பண்ணிப் பாத்திருக்காங்க, வாய் சரியா மூடல, அஞ்சு நிமிஷத்துல கை வலி, மூஞ்சியும் எருமை மாதிரி இல்ல. தையல் மெஷின் கிடையாது, 500 ரூபாய்க்குள்ள முடியணும், கைத்தையல்லயே ஆகுமான்னு கேக்குறாங்க.

ஆகும் டீச்சர். ஆனா நீங்க புத்தகத்த பக்கத்துல விரிச்சு வச்சு படத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க, சிக்கலே அங்கதான். மொதல்ல உங்க கை, அதுக்கப்புறம்தான் எருமை.

கைப்பொம்மைல பொதுவா ரெண்டு வகை. ஒண்ணு கையுறை மாதிரி மாட்டிக்கிறது, ஆள்காட்டி விரல் தலைக்குள்ள போயிடும், கட்டைவிரலும் நடுவிரலும் பொம்மையோட ரெண்டு கை. கேரளாவோட பாவக்கதகளி இந்த வகை, பிரான்ஸ்ல லியோன் நகரத்துல 1800கள் தொடக்கத்துல பொறந்த கிய்ஞோல் பொம்மையும் இதேதான். அடிச்சிக்கிறதுக்கு, கட்டிப் புடிக்கிறதுக்கு, கம்ப தூக்கிக்கிட்டு ஓடுறதுக்கு இத அடிச்சிக்க ஆளே இல்ல, ஆனா வாய் அசையாது. உங்க கன்னுக்குட்டிக்கு பொழப்பே அசை போடுறதுதான்ங்கிறதால ரெண்டாவது வகை, அதாவது கை முழுக்க தலைக்குள்ள போயி நாலு விரல் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்தாடைன்னு புடிக்கிற வாய்ப்பொம்மைதான் சரி.

இப்ப வாய் ஏன் மூடலன்னு பாப்போம். நீங்க வட்டமா ஒரு அட்டைய வெட்டி நடுவுல மடிச்சிருப்பீங்க, எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. நாலு விரலும் கட்டைவிரலும் ஒரே நீளம் இல்லையே, அப்புறம் மேல்பாதியும் கீழ்பாதியும் மட்டும் எப்படி ஒரே அளவா இருக்க முடியும்? கைய ஒரு பேப்பர் மேல வச்சு வரைஞ்சுக்கோங்க. நாலு விரலையும் சேத்து வச்சா என்ன அகலமோ அதோட ரெண்டு பக்கமும் ஒரு ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கோங்க, அதான் வாயோட அகலம். மேல்தாடை விரல் நுனியத் தாண்டி கொஞ்சூண்டு நீட்டிக்கிட்டு இருக்கணும், கீழ்தாடை கட்டைவிரல் நுனிய தாண்டினா போதும், கட்டாயம் மேலத விட சின்னதாதான் வரும். மடிப்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல வந்து உக்காரணும். ஒரே அட்டைய மடிக்காதீங்க, ரெண்டு தனித்தனி அட்டையா வெட்டி நடுவுல மூணு நாலு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மேல துணிய ஒட்டி சேத்துடுங்க, துணிதான் கீல். பழைய டைரியோட கெட்டி அட்டை நல்லாருக்கும், ஆனா கடலோர ஊரு, கை வேர்த்தா அட்டை ரெண்டே நாள்ல ஊறிப் போயிடும், அதனால மொதல்லயே செல்லோ டேப் சுத்திட்டு அப்புறம் துணி ஒட்டுங்க.

கை வலிக்கும் இதுலயே பதில் இருக்கு. பொம்மை நழுவிடக்கூடாதுன்னு அத நீங்க அழுத்திப் புடிச்சிக்கிட்டே இருக்கீங்க. மேல் அட்டைக்கு பின்னாடி நாலு விரலும் நுழையிற மாதிரி ஒரு அகலமான எலாஸ்டிக் பட்டை, கீழ கட்டைவிரலுக்கு ஒரு சின்ன வளையம், ரெண்டையும் தச்சுப் பாருங்க, புடிக்க வேண்டிய அவசியமே இருக்காது, பொம்மை தானா கையில நிக்கும்.

தலைக்கு அரை இன்ச் ஃபோம் போதும். புதுசா ஷீட் வாங்காதீங்க, சோஃபா ரிப்பேர், பைக் சீட் தைக்கிற கடையில வெட்டி மிஞ்சின துண்டு மூட்டை மூட்டையா கெடக்கும், கேட்டா சும்மாவே குடுப்பாங்க. மொதல்ல நியூஸ்பேப்பர்ல தலைய சுருட்டி டேப் போட்டு உங்க கையில மாட்டிப் பாத்து அளவு சரியானதும் அதயே பிரிச்சு ஃபோம் மேல வச்சு வரைஞ்சு வெட்டுங்க, பிளேடு புதுசா இருக்கட்டும், கத்திரிக்கோல்ல வெட்டினா ஓரம் பிஞ்சு பிஞ்சு வரும். தட்டையான ஃபோம் எப்படி மண்டை மாதிரி உருண்டையாகும்னா, ஓரத்துல முக்கோணமா துண்டு வெட்டி எடுத்துட்டு அந்த ரெண்டு ஓரத்தையும் சேத்து ஒட்டணும், ஜாக்கெட்டுக்கு டாட்ஸ் புடிக்கிற அதே கணக்குதான். ஒட்டறதுக்கு ஃபெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசை. ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, ஈரம் போயி விரல்ல தொட்டா லேசா பிசுபிசுக்கிற வரைக்கும் காத்திருந்து ஒட்டணும், ஒட்டினது ஒட்டினதுதான், நகத்தி வைக்கல்லாம் முடியாது. ஜன்னல தொறந்து வச்சுக்கோங்க, அடுப்பு பக்கத்துல வேணாம், தெர்மாகோல் மேல தடவிடாதீங்க கரைஞ்சிடும்.

எருமை மாதிரி வரலன்னு சொன்னீங்கல்ல, அது அனேகமா கண்ணாலயும் மூக்காலயும்தான். மாட்டு மூஞ்சியோட அடையாளமே நுனி அகலமா இருக்குறதுதான், சாக்ஸ் நுனி குறுகிப் போறதால உங்களுக்கு அது நாயாட்டம் வந்திருக்கும். நெஜ எருமைக்கு கண்ணு ரெண்டு பக்கவாட்டுலயும் இருக்கும், அப்படியே வச்சீங்கன்னா பொம்மை யாரையுமே பாக்காது. கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க, கருவிழிய நட்டநடுவுல ஒட்டாம ரெண்டையும் மூக்குப் பக்கமா ஒரு நூல் தள்ளி ஒட்டுங்க, அப்பதான் எதிர்ல இருக்குற புள்ளைய உத்துப் பாக்குற மாதிரி தெரியும். கண்ணுக்கு டேபிள் டென்னிஸ் பந்த பாதியா வெட்டினா போதும், அமெரிக்க பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சன் 1955ல கெர்மிட்ங்கிற தவளைப் பொம்மைய மொதல்ல செஞ்சப்ப அவங்கம்மாவோட பழைய கோட்டும் பாதியா வெட்டின பிங்பாங் பந்தும்தான் வச்சு செஞ்சாரு. ஒட்டறதுக்கு முன்னாடி குண்டூசியில குத்தி வச்சு வகுப்போட கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, இத மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க.

மேல் துணிக்கு ஃபிளீஸ்தான், அதாவது மெத்துன்னு ரோமம் வச்ச போர்வைத் துணி, வேற எதுவும் வேணாம். கொஞ்சம் இழுபடும், ஓரம் பிரியாது, கைத்தையல் அந்த ரோமத்துக்குள்ளயே மறைஞ்சிடும். புதுச்சேரி வந்தீங்கன்னா காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல நீலத்துல மெல்லிசா ஒரு ஃபிளீஸ் போர்வை கிடைச்சா எடுத்துருங்க, இல்லன்னா உங்க கடலூர் லாரன்ஸ் ரோட்டு கடைகள்ல தேடிப் பாருங்க. சாட்டின் ஜிலுஜிலுன்னு மேடை லைட்டுல கண்ணக் கூசும். துணி எந்தப் பக்கம் அதிகமா இழுபடுதோ அந்தப் பக்கம் தலையச் சுத்தி வரட்டும். தையல் வெளிய தெரியாம இருக்க ஊசிய ஒரு பக்க மடிப்புக்குள்ள கொஞ்ச தூரம் ஓட்டி, நேரெதிர்ல அடுத்த பக்க மடிப்புக்குள்ள ஓட்டி, நாலஞ்சு தையலுக்கு ஒரு தடவ நூல இழுத்தா ரெண்டு ஓரமும் ஒண்ணா மூடிக்கும்.

கொம்புக்கு காகிதக்கூழ் எல்லாருக்கும் தோணும், பக்கத்துல புதுச்சேரி திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்கு புவிசார் குறியீடே இருக்கு, அழகுதான் ஒத்துக்கிறேன். ஆனா தலை உச்சியில வெயிட் ஏறுனா மணிக்கட்டு போயிடும், ஐப்பசி கார்த்திகை மழையில கூழும் காயாது. மைதா பசையில பூச்சி வரக்கூடாதுன்னு மயில்துத்தம் கலக்கச் சொல்லுவாங்க, அது விஷம், சின்னப் புள்ளைங்க தொடுற பொருளுக்கு கிட்டயே கொண்டு போகாதீங்க. ஃபெல்ட் துணிய கொம்பா தச்சு உள்ள பஞ்சு அடைச்சா வேலை முடிஞ்சிது, தொங்குற கொம்புக்கு மட்டும் உள்ள மெல்லிசா ஒரு கம்பி, நுனிய உள்பக்கமா மடிச்சு டேப் சுத்திடுங்க. இங்க ஒண்ணு கவனிங்க, படத்துல உங்களுக்கு இடப்பக்கம் தெரியிற கொம்பு பொம்மைய நீங்க மாட்டும்போது உங்க வலப்பக்கம் வரணும், ஏன்னா அது புள்ளைங்களப் பாத்து நிக்குது, உங்களுக்குத் தெரியிறது முதுகு. மாத்தி வச்சிட்டீங்கன்னா யூகேஜி புள்ளைங்க சும்மா விடாதுங்க.

கழுத்து மணிக்குள்ள நாக்குல கொஞ்சம் பஞ்சு சுத்திடுங்க, இல்லன்னா நீங்க பேசுறது ஒண்ணும் கேக்காது. உங்க கைய மறைக்கிற துணி முழங்கை வரைக்கும் வரட்டும்.

பேசும்போது மேல்தாடைய தூக்கித் தூக்கிப் போடாதீங்க, கண்ணு கூரையப் பாக்கும். கட்டைவிரல மட்டும் கீழ எறக்குங்க, அசை போடறதுக்கு அதே கட்டைவிரல பக்கவாட்டுல மெதுவா அரைக்கிற மாதிரி ஆட்டுனா போதும், புள்ளைங்க அதுக்கே சிரிச்சிடும். கண்ணாடி முன்னாடி பழகுங்க.

விழா முடிஞ்சதும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிடாதீங்க, வேர்வை ஈரத்துல பூசணம் புடிக்கும், வெயில்லயும் காய வைக்காதீங்க, ஃபோம் மஞ்சளாகி பொடிப்பொடியா உதிரும். நிழல்ல ஒரு பாட்டில் மேல மாட்டி வைங்க.

கடைசியா, பக்கத்து ஸ்கூல்காரங்க எங்களுக்கும் தச்சுக் குடுப்பீங்களான்னு கேக்குறாங்க, காசு வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. உங்க வகுப்புக்கு ஒண்ணு தைக்கிறது வேற, விக்கிறது வேற. நம்ம நாட்டு சட்டப்படி எழுதினவரு காலத்துக்கு அப்புறம் 60 வருஷம் வரைக்கும் பதிப்புரிமை (காப்பிரைட்) இருக்கு, படம் வரைஞ்சவருக்கும் அப்படித்தான். புத்தகத்தோட மொதப் பக்கத்துல பதிப்பகத்தோட முகவரி இருக்கும், பொம்மை போட்டோவோட ஒரு மெயில் போட்டு அனுமதி கேட்டுட்டு அப்புறமா ஆர்டர் எடுங்க.