படகு யாருடையது, மீன் யாருடையது?

அன்புள்ள சார்,

நான் குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துக்காரன். டெல்லியில் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் இந்தியக் கிளையில் பல வருடம் வேலை பார்த்தேன். அமெரிக்க அரசு கொடுக்கும் உதவிப் பணத்தில் நடக்கும் சுகாதாரத் திட்டங்களை ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்துகிற நிறுவனம் அது. சேர்ந்த முதல் வாரமே, 'இது ஊழியர்களுக்குச் சொந்தமான கம்பெனி, இங்கே தனியாக முதலாளி என்று யாரும் இல்லை' என்று படம் போட்டு விளக்கினார்கள். கேட்கப் பெருமையாக இருந்தது.

2025 ஜனவரிக் கடைசியில் வேலையை நிறுத்தச் சொல்லி மெயில் வந்தது. மார்ச்சில் திட்டமே ரத்து. தலைமைப் பொறுப்பில் இருந்தவர் வீடியோவில் எங்களோடு பேசினார், குரல் உடைந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அமெரிக்காவிலிருந்த சக ஊழியர்கள் தங்கள் பங்குக் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது பழைய சகாக்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கப் பார்க்கிறோம். எல்லோருக்கும் பங்கு உண்டு. என்னைத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். எல்லோரும் முதலாளி என்றால் தலைவனுக்கு என்ன வேலை? இந்த 'ஊழியர்களுக்குச் சொந்தம்' என்பதே வெறும் பேச்சுதானா? நீங்கள் கடற்கரைச் சங்கங்களைப் பற்றி நிறையப் பேசுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

வெறும் பேச்சு இல்லை. ஆனால் உங்களுக்குக் காட்டிய படத்தில் பாதிதான் இருந்திருக்கிறது. மீதியை முதலில் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவர் லூயிஸ் கெல்சோ என்ற வக்கீல், 1956இல். 1974இல் வந்த ஓய்வூதியச் சட்டம் அதற்கு முறையான இடம் கொடுத்தது. நம்மூர் ஐடி கம்பெனிகளில் ஊழியருக்குக் கிடைக்கிற பங்கு வாய்ப்பு வேறு, இது வேறு. இங்கே பங்குகள் ஊழியர் கையில் இருக்காது, ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். ஊழியருக்கு அதில் ஒரு கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் வந்து பங்குக்கு விலை மதிப்பிடுவார். வேலையை விட்டோ ஓய்வு பெற்றோ போகும்போது கம்பெனி அந்தப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தரும். ஆக, நடைமுறையில் இது ஓர் ஓய்வுக்காலச் சேமிப்பு. நல்ல சேமிப்புதான், குறை சொல்ல மாட்டேன்.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கதை வேறு. அறக்கட்டளையின் பங்குகளுக்கு வாக்களிப்பவர் அறங்காவலர். பெரும்பாலும் அவரை நியமிப்பது இயக்குநர் குழு. அந்த இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுப்பது யார்? அதே அறங்காவலர். தலைமை நிர்வாகியை நியமிப்பது அந்தக் குழு. பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி என்றால், இணைப்பு, கலைப்பு, சொத்து முழுவதையும் விற்பது மாதிரியான பெரிய விஷயங்களில் மட்டும்தான் ஊழியரிடம் கேட்டாக வேண்டும் என்கிறது சட்டம். மற்ற நாட்களில் முதலாளிக்கும் எட்டு மணிக்கு ஆபீஸ், அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் விஷயம். அமெரிக்க வருமானம் இல்லாத வெளிநாட்டு ஊழியர்களை இந்தத் திட்டத்திலிருந்து விலக்கி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. விலக்கியே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. இந்தத் துறையில் களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டு ஆட்கள். அவர்களை வெளியே வைத்துவிட்டு 'எல்லோரும் முதலாளி' என்று அவர்களிடமே படம் காட்டுவது, என்னைக் கேட்டால், மரியாதைக் குறைவு. பங்கு கொடுக்க முடியாவிட்டால் லாபத்தில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுத்திருக்கலாம். அதையும் செய்ய முடியாவிட்டால் அந்தப் படத்தையாவது எடுத்திருக்கலாம்.

ஆனால் உங்கள் நிறுவனம் விழுந்தது இதனால் இல்லை. அதைச் சொல்ல நம் குமரிக் கடற்கரையின் முட்டத்துக்கு வரவேண்டும்.

எங்கள் கடற்கரையில் சங்கங்கள் வருவதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டுமரம் மீனவருக்குச் சொந்தம். வலையும் அவருக்கே சொந்தம். மழைக்காலத்தில் அடுப்பு எரியாதபோது தரகரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். வட்டி என்று தனியாக ஒன்றும் வேண்டாம், 'உன் மீனை நான்தான் ஏலம் விடுவேன்' என்பதுதான் நிபந்தனை. மரம் கரையேறும்போது தரகரின் ஆள் மணலில் காத்து நிற்பான். மீன் கூடை இறங்கியதும் அவன் ஒரு விலை சொல்வான், வாங்குகிறவர்களும் அவனுக்கு வேண்டியவர்கள். கழிவு போக மிச்சம் கைக்கு வரும், சில நாள் அதுவும் பிறகு தருகிறேன் என்று நிற்கும். உரிமையாளர் யார் என்று கேட்டால் மீனவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். விலையைச் சொல்கிறவன் வேறு ஆள்.

1970களில் சங்கங்கள் கைவைத்தது இந்த இடத்தில். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்பு கிராமம் கிராமமாக மீனவர்களைக் கூட்டியது. முதல் விற்பனையைச் சங்கமே எடுத்துக்கொண்டது. சங்கத்தின் ஆள் ஏலம் விடுவார், பதிவேட்டில் எழுதுவார், விற்ற தொகையில் கடனுக்கு ஒரு பங்கு, சேமிப்புக்கு ஒரு பங்கு, சங்கச் செலவுக்கு ஒரு பங்கு என்று பிடித்துக்கொள்வார். கிராமச் சங்கம், அதற்கு மேலே மாவட்ட சம்மேளனம், அதற்கும் மேலே 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாக வைத்து உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. இதில் வெளிநாட்டு உதவியும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. முட்டத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜிலே ஒட்டுப்பலகையில் படகு கட்டிப் பார்த்ததெல்லாம் அந்தக் காலம்தான். ஆனால் சங்கத்தின் அன்றாடச் செலவு மீன் விற்ற காசில் பிடித்த கழிவிலிருந்து வந்தது. பெல்ஜியத்திலிருந்து பணம் வராத மாதத்திலும் ஏலம் நடக்கும், பதிவேட்டில் எழுதுவார்கள்.

இப்போது உங்கள் கம்பெனிக்கு வாருங்கள். பங்கு உங்கள் அமெரிக்கச் சகாக்கள் பெயரில் இருந்தது. முன்பணம் யாருடையது? விலை சொன்னவர் யார்? ஒரே வாடிக்கையாளர், அதுவும் ஓர் அரசாங்கம்.

2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாள் நிறுத்திவைக்கும் ஆணையில் அமெரிக்க அதிபர் கையெழுத்துப் போட்டார். சில நாட்களில் உலகம் முழுக்க வேலையை நிறுத்தும் உத்தரவு போனது. புதிய வேலை நின்றது மட்டுமில்லை, செய்து முடித்த வேலைக்கான பில்களும் நின்றன. மார்ச் 10 அன்று வெளியுறவு அமைச்சர் ரூபியோ, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார், 5,200 ஒப்பந்தங்கள் அளவுக்கு. 1961இல் தொடங்கிய அந்த அமைப்பு 2025 ஜூலை 1 அன்று வெளியுறவுத் துறைக்குள் கரைந்துபோனது. இந்தத் துறையின் பெரிய பெயர்களான டிஏஐ, கெமோனிக்ஸ் இரண்டும் ஊழியர்களுக்குச் சொந்தமானவைதான். இரண்டிலும் பெரிய அளவில் ஆட்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள்.

அந்த இரண்டு நிறுவனங்களும் அடுத்துச் செய்த காரியத்தைப் பாருங்கள். மற்ற அமைப்புகளோடு சேர்ந்து பிப்ரவரியில் அரசின் மீது வழக்குப் போட்டன. செய்த வேலைக்குக் கூலி கொடு என்பதுதான் சாரம். மார்ச் 5 அன்று உச்ச நீதிமன்றம், முடிந்த வேலைகளுக்குப் பணம் கொடுக்கச் சொன்ன கீழ்க்கோர்ட்டு உத்தரவில் தலையிட மறுத்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஏறக்குறைய 200 கோடி டாலர் விவகாரம். சோறு போடுகிற ஒரே கையின் மீது கேஸ் போடுவது சின்ன விஷயமில்லை. நாளைக்கு ஒப்பந்தம் கிடைக்காதே என்று வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் எந்த நிர்வாகிக்கும் தோன்றும். போட்டது சரி என்றே நினைக்கிறேன். ஊழியர்களின் சேமிப்புப் பணம் அந்தப் பில்களுக்குள் கிடக்கும்போது, பணிவாக இருக்கிறேன் என்று சொல்லத் தலைவருக்கு உரிமை கிடையாது.

இந்த வகை நிறுவனத்தில் ஓர் இடி இரண்டாக விழும். வேலை போகிறவருக்குச் சம்பளமும் போகும், பங்கின் மதிப்பும் அதோடு சேர்ந்து சரியும். வெளியே போகிறவர்களின் பங்குகளைத் திரும்ப வாங்கவேண்டிய கடமை, கையில் காசே இல்லாத நேரத்தில் கம்பெனியின் தலையில் வந்து விழும். தவணையில் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது, இருந்தாலும் கடமை கடமைதான். அதனால் நல்ல காலத்தில் இதற்கென்று பணம் ஒதுக்கி வைத்தாரா என்பதை வைத்துத்தான் ஒரு தலைவரை எடைபோடுவேன். வீடியோவில் குரல் உடைவது மனிதத்தன்மைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வாடிக்கையாளரைப் பரவலாக்க முயன்றவர்களும் உண்டு. டிஏஐ 2013இல் பிரிட்டனின் எச்டிஎஸ்பிஇ நிறுவனத்தையும், 2019இல் ஆஸ்திரியாவின் ஹ்யூமன் டைனமிக்ஸையும் வாங்கியது. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் என்று வேறு கதவுகளைத் தட்டும் வேலை. அப்படியிருந்தும் 2025இல் அடி பலமாகவே பட்டது. ஒரு பெரிய வாடிக்கையாளரை விட்டு நகர்வதற்குப் பல வருடம் பிடிக்கும், அந்த வருடங்களில் லாபம் குறையும், பங்கின் விலை குறையும், உரிமையாளர்களான ஊழியர்களே முணுமுணுப்பார்கள். அதைத் தாங்கிக்கொண்டு விளக்கிச் சொல்லி அவர்களைக் கூட நடத்திப் போவதுதான் தலைவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்டதற்குப் பதில். விலை சொல்லும் இடத்தை யாரும் முழுசாகப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்பெயினின் மொன்றாகோனையும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 1956இல் ஒரு பாதிரியாரின் தூண்டுதலில் தொடங்கிய கூட்டுறவுத் தொகுதி. அதன் பெருமையாக இருந்த, வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்யும் ஃபாகோர் 2013இல் திவாலானது. ஆனால் வேலை இழந்த உறுப்பினர்களில் ஏராளமானவர்களை மற்றக் கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன. தனியாக ஒரு கம்பெனி நடத்துகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் கேரளத்தில் வடகரையருகே ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், 1925இல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் இயக்கத்திலிருந்து பிறந்தது. தொழிலாளியாகச் சேர்ந்தவர்களே அங்கே இயக்குநர்களாகிறார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம், ரயிலில் ஒரு ராத்திரிதான்.

எல்லோரும் முதலாளி என்றால் முடிவு யார் எடுப்பது என்ற குழப்பம் உங்களுக்கு இருக்கிறது. இதற்கு நம் மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களைக் கேளுங்கள். அந்த ஆழ்கடல் படகுகளில் பங்கு போட்டு வாங்கியவர்களே தொழிலுக்கும் போவதுண்டு. கடலில் படகை ஓட்டி நடத்துகிற ஸ்ராங்கு சொன்னால் சொன்னதுதான். எந்தப் பக்கம் ஓட்டுவது, எங்கே வலை விடுவது, காற்று மாறினால் திரும்புவதா என்பதற்கெல்லாம் அங்கே கைதூக்கிக் கூட்டம் போட மாட்டார்கள். கரைக்கு வந்த பிறகு டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கழித்துத்தான் பங்கு பிரிப்பார்கள். கடைசியாகச் சேர்ந்த பையன் கூட 'ஐஸுக்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்பான், கேட்டால் ஸ்ராங்கு பதில் சொல்லியாக வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த பயணத்துக்கு வேறு படகு.

உங்கள் நிறுவனத்தில் பத்துப் பேர் கூட இருக்க மாட்டீர்கள். அன்றாட முடிவுகளுக்கு வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தினால் மூன்று மாதத்தில் நட்பும் போகும், தொழிலும் போகும். ஆனால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை எல்லோர் முன்னாலும் திறந்து வையுங்கள். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துத்தான். வரவேண்டிய பாக்கி எவ்வளவு, எந்த வாடிக்கையாளரிடமிருந்து எத்தனை சதவீதம் வருகிறது, இன்றைக்கே எல்லாம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். டெல்லியில் உங்களிடம் அப்படி ஒரு தாளை யாராவது காட்டியிருந்தால், ஜனவரி மெயிலுக்கு வெகுநாள் முன்பே உங்களில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார்.

பதிவு விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால் கேட்க அழகாக இருக்கும், ஆனால் துறையின் கண்காணிப்பும் தேர்தல் நடைமுறையும் உங்கள் அளவுக்கு அதிகம். பல மாநிலக் கூட்டுறவு என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது 50 உறுப்பினர் வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனி விவசாயிகள், மீனவர்கள் போன்றவர்களுக்கானது. 2008 சட்டத்தின்கீழ் வருகிற வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மை, அதாவது எல்எல்பி, போதும் என்பது என் அபிப்பிராயம், யார் எப்போது விலகினால் எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்பதை ஒப்பந்தத்தில் இன்றைக்கே எழுதிவிடுங்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே. நல்ல ஆடிட்டர் ஒருவர் உதவுவார்.

களத்தில் தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் எடுக்கப்போகிற ஆட்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. டெல்லியில் நீங்கள் நின்ற இடத்தில் நாளைக்கு அவர்கள் நிற்பார்கள். ஒரு வருடம் வேலை செய்தவருக்குப் பங்கு என்றோ, லாபத்தில் இத்தனை சதவீதம் என்றோ முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். தள்ளிப்போட்டால் பிறகு உங்களுக்கே மனசு வராது.

ஊரில்தானே இருக்கிறீர்கள், ஒரு நாள் முட்டத்துக்குப் போய் ஏலம் நடக்கிற நேரத்தில் நின்று பாருங்கள். பழைய சங்க ஆட்கள் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள், முன்பணக் காலத்தை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டார்கள், ஏலமும் இருக்காது.