மகளிர் கால்பந்துக்கு எதிர்காலம் உண்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன், ரயில்வேயில் வேலை. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கால்பந்துதான். இந்த வருஷம் மாவட்ட அணியில் எடுத்திருக்கிறார்கள். என் மனைவி, "பத்தாவது வந்ததும் நிறுத்திடலாம், படிப்புதான் சோறு போடும்" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் பயமாகவும் இருக்கிறது. ஆண்கள் ஆட்டத்துக்கே இங்கே நிலை சரியில்லை. 2025-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நடக்குமா நடக்காதா என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அப்படியிருக்க, அதற்குப் பக்கத்தில் மகளிர் கால்பந்து ஒரு தொழிலாக நிற்கும் என்று எப்படி நம்புவது? "பொம்பளைப் பிள்ளைங்க ஆடுறதை யாருப்பா டிக்கெட் வாங்கிப் பார்ப்பாங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைக்கு வீணாக ஆசை காட்டுகிறேனோ?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் நண்பரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1920 டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் இரண்டு பெண்கள் அணிகள் மோதின. ஒன்று டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் அணி, இன்னொன்று செயின்ட் ஹெலன்ஸ். உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். மறு வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்லவாம். அந்தத் தடை போக ஐம்பது வருஷம் ஆயிற்று. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே குறுக்கே நின்றது. ஆளில்லாமல் நின்றுபோன ஆட்டம் இல்லை இது. ஆள் குவிந்துகொண்டிருந்தபோது துரத்தப்பட்ட ஆட்டம். இங்கிலாந்தில் ஆண்களின் லீக் 1888-லேயே தொடங்கிவிட்டது. இரண்டையும் இன்று ஒரே தராசில் வைத்து "உனக்கு ஏன் கூட்டம் குறைவு" என்று கேட்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

வழி விட்டதும் கூட்டம் வந்துவிட்டது. 2022-ல் பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் மகளிர் ஆட்டத்துக்கு ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை 91,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதே வருஷம் வெம்ப்ளியில் யூரோ இறுதியாட்டத்துக்கு 87,192 பேர்.

ஆனால் உங்களைச் சமாதானப்படுத்த இந்த எண்கள் போதாது என்று எனக்குத் தெரியும். பெரிய நாளில் கூட்டம் வருவது வேறு, வருஷம் முழுக்கச் சம்பளம் வருவது வேறு. அமெரிக்காவில் 1999 உலகக்கோப்பை இறுதியாட்டத்தை 90,000 பேர் நேரில் பார்த்தார்கள். அந்த வேகத்தில் 2001-ல் தொடங்கிய தொழில்முறை லீக் மூன்றே சீசனில் மூடப்பட்டது. 2009-ல் இன்னொன்று வந்தது, அதுவும் மூன்று சீசன்தான். 2013-ல் மூன்றாவதாகத் தொடங்கியது மட்டும் நிலைத்தது. இன்று அந்த லீகில் ஆடும் கான்சஸ் சிட்டி மகளிர் அணிக்கென்றே கட்டிய மைதானம் 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. அதாவது இரண்டு முறை நஷ்டப்பட்ட பிறகும் பணம் போட ஆள் இருந்தார்கள். ஆண்கள் கிளப்புகள் எத்தனையோ வருஷமாக நஷ்டத்தில் ஓடுகின்றன, அதற்காக யாரும் அந்த ஆட்டத்தையே மூடிவிடச் சொல்வதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். தேசிய சீனியர் மகளிர் கால்பந்தில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீகையே வென்றது. அந்த லீக் நடந்த விதத்தைக் கவனியுங்கள்: எல்லா அணிகளையும் லூதியானாவுக்கு வரவழைத்து, அந்த மே மாதத்துக்குள்ளேயே முழுப் போட்டியையும் முடித்துவிட்டார்கள். நாட்டின் சாம்பியன் அணிக்கு அதுதான் சீசன்! மதுரையில் தங்கள் அணியின் லீக் ஆட்டத்தை ஒருவர்கூட நேரில் பார்த்திருக்க முடியாது. பிறகு டிக்கெட் யார் வாங்குவார்கள் என்று கேட்டால்? சொந்த ஊரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24 சீசனில்தான் வந்தது. 2025 ஜூலையில் இந்தியா தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல் தடவையாக ஆசியக் கோப்பைக்குப் போனது. இவ்வளவு குறைந்த ஆட்டங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையும் வருகிறது, கோபமும் வருகிறது.

ஆண்கள் ஆட்டத்துக்குப் பக்கத்தில் என்று எழுதியிருந்தீர்கள். என் கவலை முழுக்க அந்த இடத்தில்தான். 2023 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆண்கள் அணி, பெங்களூருடனான பிளே-ஆஃப் ஆட்டத்தில் பாதியில் மைதானத்தை விட்டு வெளியேறியது. அகில இந்திய கால்பந்துச் சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஜூனில் கிளப் என்ன செய்தது தெரியுமா? பண நெருக்கடி என்று சொல்லி, தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத மகளிர் அணியை நிறுத்திவைத்தது. வெளியேறியவர்கள் ஆண்கள், வேலை இழந்தவர்கள் பெண்கள். அதற்கு முந்தைய ஆகஸ்டில், நிர்வாகத்தில் வெளியார் தலையீட்டுக்காக இந்தியச் சம்மேளனத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை செய்தபோது, கோகுலம் கேரளா கிளப்பின் பெண்கள் ஆசிய கிளப் போட்டிக்காக ஏற்கெனவே தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தார்கள். ஆடாமலே திரும்பினார்கள்.

பெரிய ஆண்கள் கிளப்பின் குடைக்குள் இருப்பதில் லாபம் இல்லாமல் இல்லை. மைதானம், பிசியோ, பயிற்சியாளர், பெயர் எல்லாம் தயாராகக் கிடைக்கும். அண்மையில் இந்திய லீகை வென்ற ஒடிசாவும் ஈஸ்ட் பெங்காலும் அப்படிப்பட்ட கிளப்புகள்தான். மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஆனால் பட்ஜெட் தனியாக இருக்க வேண்டும், ஸ்பான்சர் தனியாக, ஒளிபரப்பு உரிமை தனியாக. கிரிக்கெட்டில் அப்படித்தான் செய்தார்கள். 2023-ல் மகளிர் பிரீமியர் லீகின் ஐந்து அணிகளையும் தனியாக ஏலம் விட்டபோது 4,669.99 கோடி ரூபாய் வந்தது. கால்பந்துக்கு அவ்வளவு வராது. வருவது எவ்வளவு சின்னத் தொகையானாலும், ஆண்கள் அணியின் கடனில் அது கரைந்துபோகக் கூடாது.

சென்னையில் பெண்கள் ஆட்டம் ஒன்று பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்திருந்தார்கள், காரணம் நாலு மணிக்குப் பையன்கள் ஆட்டம் இருந்தது. வெயிலில் தரை கொதித்தது. கோல்போஸ்ட் பக்கத்தில் பைக்கின் மேல் உட்கார்ந்து நாலைந்து அப்பாக்களும் அண்ணன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் ஒரு அணி கோல்கீப்பரை மாற்றியது. வெளியே வந்த பெண் கையுறையைக் கழற்றி, உள்ளே போகிறவளிடம் கொடுத்தாள். வியர்வையில் ஊறியிருந்த அதை இரண்டு உதறு உதறிவிட்டு மாட்டிக்கொண்டு ஓடினாள் அவள். இரண்டாம் பாதியில் அவள் பாய்ந்து பிடித்த பந்துகளில் ஒன்றை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அன்று குறைவாக இருந்தது ஆட்டம் இல்லை.

இனி, சோறு போடுமா என்ற கேள்வி. உங்கள் மனைவி கேட்பது சரியான கேள்விதான். இதை ரயில்வேக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: சென்னையில் ஆண்கள் கால்பந்தும் பல காலம் ஆபீஸ் டீம்களை நம்பித்தான் ஓடியது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று வேலை கொடுத்து ஆட வைத்தார்கள். பெண்களுக்கும் இன்று அந்த வழி திறந்திருக்கிறது. கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடினார், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இந்திய மகளிர் லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று 2023-ல் சம்மேளனம் அறிவித்தது. மாதம் 27,000-க்குக் கிட்டத்தட்ட வரும். அதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஓடாது. ஆனால் பாலாதேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போகும்வரை, ஐரோப்பிய கிளப் ஒன்றில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற இந்தியப் பெண் ஒருவர்கூட இல்லை. இரண்டே வருஷத்தில் மனிஷா கல்யாண் சைப்ரஸ் நாட்டுக் கிளப் ஒன்றுக்காக, ஐரோப்பாவின் உச்ச கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகிலேயே ஆடிவிட்டார். உங்கள் மகளுக்கு இருபது வயதாக இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன.

ஆகவே நிறுத்த வேண்டாம், கே. குறிப்பாகப் பத்தாவதில் வேண்டாம். 17 வயதுக்குட்பட்டோர் அணிகளுக்கு ஆள் எடுப்பது சரியாக அந்த வயதில்தான், அப்போது விட்டால் திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம். பரீட்சைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளட்டும், அதைப் பயிற்சியாளரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். அப்புறம் அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை போட்டி ஆட்டங்கள் இவளுக்குக் கிடைக்கும்? ஜெர்சி, முகாம், சான்றிதழ் என்று சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். நிறைய ஆட்டம் தருகிற இடம் கொஞ்சம் தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பஸ் ஏற்றி அனுப்புங்கள்.

அன்புடன்.