சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். மனித உரிமைக்காகப் போராடிய தலைவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங்கை எடுத்திருக்கிறாள். தமிழில் என்ன நூல்கள் வாங்கித் தரலாம்? நம்மில் அப்படி ஒருவர்கூட இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது. இருந்திருந்தால் நம் கதி இப்படியா? நான் பிறந்த தோட்டமே இன்று பங்களாதேசிகள் கையில் போய்விட்டது.

ஒரு தகப்பன், பந்திங், மலேசியா

அன்புள்ள தம்பி,

மகளுக்கு என் அன்பு. கிங்கையே எழுதட்டும். நூல்களுக்குப் பள்ளி நூலகத்தில் கேளுங்கள், கிடைக்கும். தமிழா ஆங்கிலமா என்று பார்க்க வேண்டாம், அவளுக்கு ஓடுகிற மொழியில் படிக்கட்டும்.

ஆனால் "நம்மில் ஒருவர்கூட இல்லையே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் பந்திங்கில் உட்கார்ந்துகொண்டு! எனக்குக் கோபம்தான் வந்தது. போன வாரம் அம்மா வீட்டுக் கொட்டகையை ஒழித்தபோது தாத்தாவின் ராலி சைக்கிள் கிடைத்தது. அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வருகிறது.

தாத்தா கோல லங்காட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். சனிக்கிழமை என்னைப் பின்னால் வைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார். பெரிய கிராணி, அதாவது தோட்ட அலுவலகத்துத் தலைமை எழுத்தர், அவர் வீட்டு வேலி தொடங்கும் இடத்தில் இறங்குவார். என்னையும் இறக்குவார். வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டே நடப்போம், பிறகு ஏறுவோம். அங்கே சாலை மேடு போல என்று நினைத்திருந்தேன். வளர்ந்தபின் ஒருநாள் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மேடே இல்லை, தட்டையான மண்சாலை. கிராணி மாற்றலாகி அந்த வீடு பூட்டிக் கிடந்த மாதங்களிலும் தாத்தா இறங்கினார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. கால் தானாக இறங்கியது.

காரணம் எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. 1941இல் கிள்ளான், கோல லங்காட் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் கைவைப்பது நிற்க வேண்டும், சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது என்று கேட்டார்கள். அந்த வரிசையில் இன்னொன்றும் இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை.

அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது, தம்பி. கூலி கேட்பது வயிற்றுக்காக. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக விடு என்று கேட்டதை என்னவென்று சொல்வீர்கள்? மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடச் சொல்லித் திரண்டவர்கள்மீது பட்டாளத்தை ஏவினார்கள். சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண் அது. அந்த ஐவரின் பேரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராயிருந்து 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கில் போடப்பட்ட எஸ். ஏ. கணபதியின் பேராவது உங்கள் வீட்டில் ஒருமுறை ஒலித்திருக்கிறதா?

அமெரிக்காவில் மான்ட்கமரி நகரில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மாட்டேன் என்று கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் சொன்னது 1955 டிசம்பரில். அதையடுத்து எழுந்த போராட்டத்தை முன்னின்று நடத்திய கிங்குக்கு அப்போது 26 வயது. கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். அதற்குப் பதினான்கு வருடம் முன்பே கிள்ளானில் அதே கேள்வி எழுந்துவிட்டது. அங்கே எழுந்திரு என்றார்கள், இங்கே இறங்கு என்றார்கள். கிங்கைப் படிக்கும்போது உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பங்களாதேசிகளைப் பற்றிய அந்த வரியைச் சும்மா விட எனக்கு மனமில்லை. நீங்கள் பிறந்த தொழிலாளர் லயத்தில் இன்று படுத்திருக்கும் அந்தப் பையன் யார்? கடன் வாங்கிக் கப்பலேறிய உங்கள் பூட்டனேதான், இந்தத் தடவை விமானத்தில் வந்திருக்கிறான். நம்மில் ஒருவர் வேண்டும் என்றீர்களே, ஐரீன் பெர்னாண்டஸ் இருந்தார். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995இல் எழுதி வெளியிட்டார். அதற்காக மறு வருடமே அவர்மீது வழக்கு வந்தது. 2003இல் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் 2008இல்தான் விடுதலையானார். நம்மவருக்கு மட்டும் பேசியிருந்தால் அவருக்கு இத்தனை தொல்லை வந்திருக்காது. 2014இல் காலமானார். உங்கள் மகள் அப்போது சின்னக் குழந்தையாக இருந்திருப்பாள், அவ்வளவு சமீபத்து ஆள்.

மகளிடம் ஒரு பெயரை மட்டும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கிளாடெட் கால்வின். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, அதே ஊர்ப் பேருந்தில் எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பள்ளி மாணவி. வயது 15. அந்த நாட்களில் அவர் பள்ளியில் தம் மக்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். அடிமை விலங்கை அறுத்த ஹேரியட் டப்மனின் கை ஒரு தோளையும், அவரைப்போலவே போராடிய சோஜர்னர் ட்ரூத்தின் கை மறு தோளையும் அழுத்தியதுபோல இருந்தது, எழ முடியவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

உங்கள் அப்பா இருக்கிறாரா? இருந்தால் உங்கள் தோட்டத்தில் எந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்குவார்கள் என்று கேளுங்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ராலிக்குப் புதுச் சங்கிலி மாட்டியிருக்கிறேன், டயரும் மாற்றியாயிற்று. பள்ளி விடுமுறையில் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கிராணி வீடு இடிந்துவிட்டது, சுற்றிலும் செம்பனை. வேலிக்கல் இரண்டு மட்டும் இன்னும் நிற்கிறது. அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல்வரை அவள் ஓட்டட்டும்.