புரியாத இசையை ஏன் வாசிக்க வேண்டும்?

கேள்வி: சென்ற இதழில் க்ரோனோஸ் குவார்டெட் என்ற அமெரிக்க நால்வர் குழுவைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். பீத்தோவன், மொசார்ட் எல்லாம் இருக்கும்போது, நேற்று எழுதிய, யாருக்கும் புரியாத உருப்படிகளையே 50 வருடமாக வாசிப்பது எப்படிச் சாதனையாகும்? போதாததற்கு இந்தி சினிமாப் பாட்டு வேறு. இது விளம்பரம் இல்லாமல் வேறென்ன?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பீத்தோவனை நீங்களே இழுத்துவிட்டதால் அங்கிருந்தே வருகிறேன். 1825 மார்ச்சில் வியன்னாவில் அவருடைய ஒரு புதிய குவார்டெட்டை (இரண்டு வயலின், சற்றுப் பெரிய வியோலா, இன்னும் பெரிய செல்லோ ஆகிய நான்குக்கும் எழுதும் உருப்படிக்கும் குவார்டெட் என்றே பெயர்) ஷுப்பான்ஸிக் என்ற வயலின் கலைஞரின் குழு முதன்முதலாக வாசித்தது. ஒத்திகை போதவில்லை, கேட்டவர்களுக்கும் பிடிபடவில்லை. அடுத்த வருடம் அதே குழு இன்னொன்றை வாசித்தபோது அதன் கடைசிப் பகுதி கூட்டத்தைத் திணறடித்தது. பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால் பீத்தோவன் அதை எடுத்துவிட்டு வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். இன்று நீங்கள் மதிக்கும் இசை அன்று ‘நேற்று எழுதிய, யாருக்கும் புரியாத’ இசையாகத்தான் இருந்தது. தோற்றாலும் பரவாயில்லை என்று வாசிக்க நான்கு பேர் கிடைத்ததால்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

அந்த நான்கு பேரின் வேலையைத்தான் க்ரோனோஸ் எடுத்துக்கொண்டது. 1973இல் சியாட்டிலில் டேவிட் ஹாரிங்டன் என்ற இளைஞர் வானொலியில் ஜார்ஜ் க்ரம்ப் எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ என்ற குவார்டெட்டைக் கேட்டார். வியட்நாம் போர்க்காலத்தில், 1970இல் எழுதியது. வயலின்கள் ஒலிபெருக்கியில் பூச்சிக் கூட்டம்போல இரையும், கலைஞர்கள் காங் மணியை அடிப்பார்கள், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லை இழுப்பார்கள், பல மொழிகளில் எண்களைச் சொல்வார்கள். இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே ஹாரிங்டன் ஒரு குழுவைத் தொடங்கினார். அப்புறம் கென் பென்ஷூஃப் என்ற இசையமைப்பாளரிடம் ஒரு உருப்படி எழுதித் தரச் சொன்னார்கள். அதற்குக் கொடுத்த சன்மானம் ஒரு பை டோனட். அதுதான் அவர்கள் கேட்டு வாங்கிய முதல் படைப்பு. இன்று கேட்டு வாங்கியதும் தழுவி அமைத்ததுமாக 1,000க்கு மேல்.

இந்த எண்ணிக்கையைச் சும்மா தாண்டிப் போய்விடாதீர்கள். இசையமைப்பாளர் பெரும்பாலும் தானாக உட்கார்ந்து குவார்டெட் எழுதுவதில்லை. ‘எழுதுங்கள், நாங்கள் வாசிக்கிறோம்’ என்று ஒருவர் சொல்ல வேண்டும், பணம் திரட்ட வேண்டும், இசைக்குறிப்பு கைக்கு வந்தபின் வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் காத்திருக்க வேண்டும். போலந்தின் ஹென்ரிக் குரெட்ஸ்கி இவர்களுக்காக மூன்று குவார்டெட் எழுதினார். மூன்றாவதை 1995இல் முடித்தும் வெளியே விடவில்லை. ஏன் என்று தனக்கே தெரியாது என்று பின்னால் எழுதினார். 10 வருடம் கழித்து, 2005இல்தான் அது மேடை ஏறியது. அதுவரை க்ரோனோஸ் காத்திருந்தது. விளம்பரத்துக்காக வாசிப்பவர்கள் 10 வருடம் காத்திருப்பார்களா?

அவர்களால் முடியாததும் உண்டு. மார்ட்டன் ஃபெல்ட்மனின் இரண்டாவது குவார்டெட் இடைவேளையே இல்லாமல் ஐந்தாறு மணி நேரம் ஓடும். 1983இல் சுருக்கித்தான் வாசித்தார்கள். 1996இல் முழுவதும் வாசிப்பதாக அறிவித்து, உடம்பு தாங்காது என்று கைவிட்டார்கள். 1999இல் ஃப்ளக்ஸ் என்ற இளைய குழு அதை முழுதாக வாசித்தது. புதிய இசையில் இப்படி ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எடுத்துப் போவது நடக்கும். எனக்கு அதில் மரியாதைதான் கூடுகிறது.

சரி, சினிமாப் பாட்டு. 2000இல் வந்த ஆல்பத்திலேயே ஆர்.டி. பர்மனின் ஒரு பாடலை வாசித்திருந்தார்கள். 2005இல் ஆஷா போஸ்லேவைப் பாடவைத்து, பர்மன் பாடல்களுக்கென்றே ஒரு முழு ஆல்பம் செய்தார்கள். தபலாவில் ஜாகிர் உசேன். ஆஷா அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். பர்மன் பாட்டில் ஒரே சமயத்தில் எத்தனை வாத்தியங்கள், எத்தனை விதமான சத்தங்கள்! அவற்றை நான்கு பேர் வாசிக்கிறாற்போல் மாற்றுவது லேசான வேலையில்லை. சினிமா என்பதால் அது தாழ்ந்துவிடும் என்பது உங்கள் கணக்கு, என் கணக்கு அதுவல்ல. 1992இல் ஆப்பிரிக்க இசையமைப்பாளர்களின் படைப்புகளை மட்டுமே வைத்து ஓர் ஆல்பம் போட்டவர்கள் இவர்கள். எந்த நாட்டில் நல்ல இசை கேட்டாலும் போய்க் கேட்டு வாங்குவது இவர்களுக்குப் புதிதில்லை.

நான் முக்கியமாக நினைக்கும் வேலை 2015இல் தொடங்கியது. 25 பெண்கள், 25 ஆண்கள் என 50 இசையமைப்பாளர்களிடம், இளம் குழுக்கள் பழகுவதற்கேற்ற படைப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். இசைக்குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு வாசிக்கலாம். இதைத் தங்களுக்கென்று பூட்டி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

க்ரோனோஸில் 1978இலிருந்து 1999வரை ஆள் மாறாமல் அதே நால்வர். செல்லோ வாசித்த ஜோன் ஜான்ரெனோ முதலில் விலகினார். வயலின் வாசித்த ஜான் ஷெர்பாவும் வியோலா வாசித்த ஹாங்க் டட்டும் 2024இல் ஓய்வு பெற்றார்கள். பழையவர்களில் இப்போது ஹாரிங்டன் மட்டும்தான்.

‘யாருக்கும் புரியாத’ என்று எழுதியிருக்கிறீர்கள். இவர்கள் வாசித்ததில் எதைக் கேட்டுவிட்டு அப்படி எழுதினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒன்று சொல்கிறேன். 1988இல் ஸ்டீவ் ரைக் இவர்களுக்காக எழுதிய ‘டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்’. பெற்றோர் பிரிந்ததால் சிறு வயதில், 1939க்கும் 1942க்கும் இடையில், நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்குமாக ரயிலில் போய்வந்தவர் ரைக். யூதரான தான் அந்த வருடங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால் ஏறியிருக்க வேண்டிய ரயில்கள் வேறு என்பது பின்னால் அவருக்கு உறைத்தது. தன்னை வளர்த்த செவிலி, ரயிலில் வேலை பார்த்த முதியவர், நாஜிகளின் வதைமுகாம்களில் உயிர் தப்பியவர்கள் ஆகியோர் பேசியதன் ஒலிப்பதிவுகளை எடுத்துக்கொண்டார். அவர்கள் பேசிய ஏற்ற இறக்கத்தையே வயலினுக்கும் வியோலாவுக்கும் செல்லோவுக்கும் மெட்டாக எழுதினார். ஒரு குரல் சொல்ல, வாத்தியம் அதையே திருப்பிச் சொல்லும். அடியில் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது பகுதியில் அமெரிக்க ரயிலின் ஊதல் போய், அபாயச் சங்கு வரும்.

மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. இரவில், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். கேட்டபின் எனக்கு எழுதுங்கள். புரியவில்லை என்று எழுதினாலும் இதே பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.