நைல் வண்டலால் அலெக்சாந்திரியா துறைமுகம் தூர்ந்துபோகாதது ஏன்?

ஆறு அடித்துவரும் நுண்மண்ணே வண்டல். அது முகத்துவாரத்தில் படிந்து துறைமுகங்களைத் தூர்த்துவிடும். எகிப்தின் அலெக்சாந்திரியா அந்தக் கேட்டிலிருந்து பெரிதும் தப்பியதற்கு, கி.மு. 331இல் அலெக்சாந்தர் அதை நைல் கழிமுகத்தின் மேற்கு விளிம்பில் நிறுவியதே காரணம். அங்கே கரையோர நீரோட்டம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் செல்வதால், வண்டலும் அத்திசையிலேயே ஒதுங்கியது. களத்தில் நெல் தூற்றும்போது, காற்று வரும் பக்கம் நிற்பவர்மீது பதர் விழாததைப் போன்றது இது. எதிரிலிருந்த பாரோஸ் தீவைப் பின்னர் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளக் கரைப்பாதையால் நகரோடு இணைத்தபோது, அதன் இருபுறமும் இரண்டு துறைமுகங்கள் உருவாயின. பண்டைய பொறியியலின் மிக அழகிய முடிவுகளுள் ஒன்றாக இதனைக் கருதுகிறேன். நகரம் நைலின் கரையிலேயே இருந்ததென்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் ஆற்று நீரும், சேரநாட்டுத் துறைமுகமான முசிறியின் மிளகு உள்ளிட்ட சரக்குகளும் கால்வாய் வழியாகவே அங்கு வந்துசேர்ந்தன.